ஒரே கம்பெனி வண்டியை ஏன் திரும்பத் திரும்ப வாங்குகிறோம்?

கேள்வி இதுதான்: சில மோட்டார்சைக்கிள் கம்பெனிகள் கோடிக்கணக்கில் விற்கின்றன, ஆனால் அவற்றைப் பற்றி யாரும் உருகிப் பேசுவதில்லை. வேறு சில கம்பெனிகள் அதில் நூறில் ஒரு பங்குகூட விற்பதில்லை, ஆனால் அந்தப் பெயரை உடம்பில் பச்சை குத்திக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு மனிதரை ஒரே பெயரிடம் கட்டிப்போடுவது எது? அந்தப் பிடிப்புக்கும் விற்பனைக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு உண்டு. ஆனால் பெரும்பாலோர் நினைப்பதற்கு நேர் எதிரான திசையில் அது ஓடுகிறது. பிடிப்பு இருப்பதால் விற்பனை பெருகுகிறது என்று எண்ணுகிறோம். உதிரி பாக வியாபாரத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் நான் பார்த்தவரை, விற்பனை பெருகியதால் வந்து சேரும் பிடிப்புதான் அதிகம்.

முதலில் அளவு புரிய வேண்டும். ஹோண்டா தன் முதல் முழு மோட்டார்சைக்கிளை 1949-இல் செய்தது. 2025 மே மாதத்தில் அதன் மொத்த உற்பத்தி 50 கோடியை எட்டியது. இப்போது ஸ்கூட்டர்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி வண்டிகள் விற்கிறது. உலகச் சந்தையில் பத்துக்கு நான்கு அதனுடையவை. ஹார்லி-டேவிட்சன் 2024-இல் உலகம் முழுவதும் விற்றது சுமார் ஒன்றரை லட்சம். ஹோண்டாவுக்கு அது மூன்று நாள் கணக்கு. 1958-இல் வந்த சூப்பர் கப் என்ற ஒரே வண்டி வரிசை மட்டும் 2017-இல் 10 கோடியைத் தாண்டியது. சக்கரம் வைத்து மோட்டாரில் ஓடும் எதுவும் அந்த எண்ணிக்கையில் இதுவரை செய்யப்பட்டதில்லை. சூப்பர் கப்பின் ரசிகர் யாரென்று தேடினால் ஒரு சிலர் கிடைப்பார்கள். மற்ற கோடிக்கணக்கானோர் அதை ரசித்து வாங்கவில்லை. காலையில் உதைத்தால் கிளம்பும் என்பதற்காக வாங்கினார்கள்.

இதற்கு மறுபுறத்தில் ஒரு வேதனையான கதை இருக்கிறது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 2015-இல் மோட்டார்சைக்கிள் உரிமையாளர்களிடம், ‘இதே கம்பெனி வண்டியை மீண்டும் வாங்குவீர்களா?’ என்று கேட்டது. நிச்சயம் வாங்குவோம் என்று சொன்னவர்கள் ஹோண்டாவில் 70 சதவீதம், ஹார்லியில் 72 சதவீதம். முதலிடம் பிடித்தது விக்டரி என்ற கம்பெனி: 80 சதவீதம். போலாரிஸ் நிறுவனம் 1998 முதல் தயாரித்துவந்த அமெரிக்க வண்டி அது. அந்த ஆய்வு வந்து இரண்டு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. 2017 ஜனவரியில் போலாரிஸ் விக்டரியை மூடிவிட்டது. நாட்டிலேயே மிகவும் மனம் நிறைந்த வாடிக்கையாளர்களை வைத்திருந்த கம்பெனி, அந்த வாடிக்கையாளர்கள் போதவில்லை என்பதால் இழுத்து மூடப்பட்டது. எண்பது சதவீதம் என்று கேட்டதும் எவரும் அசந்துபோவார்கள். எத்தனை பேரில் எண்பது சதவீதம் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

சந்தை ஆய்வாளர் ஆண்ட்ரூ எரன்பெர்க் இதைப் பல பொருள்களில் ஆராய்ந்து ஒரு விதியாகவே விளக்கினார். சிறிய பிராண்டுக்கு இரட்டை அடி விழுகிறது: வாங்குபவர்களும் குறைவு, வாங்கியவர்களில் திரும்பி வருபவர்களும் சற்றுக் குறைவு. பெரிய பிராண்டுக்கு இரண்டுமே கூடும். விக்டரி போன்ற விதிவிலக்குகள் உண்டுதான், அவற்றின் கதி என்னவென்று பார்த்தோம். பொதுவாக, திரும்பி வரும் விகிதம் என்பது கம்பெனியின் அளவுக்குத் தரையில் விழும் நிழல். நிழலை நீட்டி ஆளை உயரமாக்க முடியாது என்று பல விற்பனை அதிகாரிகளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மோட்டார்சைக்கிளில் இது இன்னும் தீவிரமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சோப்பு மாதம் ஒன்று வாங்குகிறோம். வண்டி ஐந்து, ஏழு, பத்து ஆண்டுகளுக்கு ஒன்று. ஒருவர் ஆயுளில் அதிகம் போனால் நான்கைந்து முறை முடிவெடுக்கிறார். அதற்குள் அவருக்குத் திருமணம் ஆகிறது, முதுகு வலிக்கிறது, வேலை மாறுகிறது. முதல் வண்டி வாங்கிய ஆளும் மூன்றாம் வண்டி வாங்கும் ஆளும் ஒரே பெயர் கொண்ட இரண்டு மனிதர்கள். இவர்களை நம்பி மட்டும் ஒரு கம்பெனி வளர முடியாது; ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் சந்தைக்குள் வருபவர்கள்தான் கணக்கை நிர்ணயிக்கிறார்கள்.

சரி, வேலைக்குப் போய்வர வண்டி வாங்குபவர் ஏன் அதே கம்பெனிக்கே திரும்புகிறார்? கேட்டால் ‘நல்ல வண்டி’ என்பார். கொஞ்சம் தோண்டினால் வேறு விஷயங்கள் வெளிவரும். அந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் மெக்கானிக் எல்லா இடத்திலும் இருக்கிறார். கிளட்ச் பிளேட்டும் செயின் ஸ்பிராக்கெட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கும். கம்பெனிச் சரக்கு வேண்டாமென்றால் வெளிச்சரக்கு நாலு தரத்தில் கிடைக்கும். விற்கப் போனால் அன்றே விலை போகும். இந்த மூன்றும் வண்டிக்குள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டியைச் சுற்றி இருக்கின்றன. இவை மற்றவர்கள் வாங்கியதால் உண்டானவை. நிறையப் பேர் வாங்கியதால் மறுவிற்பனை விலை நிற்கிறது. மறுவிற்பனை விலை நிற்பதால் நிறையப் பேர் வாங்குகிறார்கள். கடன் கொடுப்பவரும் இதைத்தான் பார்க்கிறார்: தவணை கட்டாவிட்டால் வண்டியைத் தூக்கிவந்து உடனே விற்க முடியுமா? முடியும் என்றால் முன்பணம் குறைகிறது. முன்பணம் குறைந்தால் இன்னும் பத்துப் பேர் வாங்குகிறார்கள். இந்தச் சுழலுக்குள் புதுக் கம்பெனி ஒன்று இன்னும் நல்ல வண்டியோடு நுழைந்தால்கூட, அது போட்டி போடுவது வண்டியோடு அல்ல, ஒரு முழு ஊழியர் படையோடு. அந்தப் படைக்குப் பழைய கம்பெனி சம்பளமே கொடுப்பதில்லை.

இதற்குப் பாகிஸ்தானைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஹோண்டா சிஜி125 என்ற வண்டி 1976-இல் வந்தது. வளரும் நாடுகளில் வண்டிக்கு ஒழுங்காக ஆயில்கூட மாற்றமாட்டார்கள் என்று தெரிந்து, வால்வுகளை இயக்கும் கேம் தண்டை இன்ஜினின் தலையில் வைக்கும் நவீன அமைப்பைக் கைவிட்டு, அதைக் கீழே வைத்து நீண்ட கம்பிகளால் வால்வுகளை இயக்கும் பழைய புஷ்ராடு இன்ஜினை வேண்டுமென்றே பொருத்தினார்கள். பின்னோக்கிப் போன அந்த வடிவம் அங்கே பல தலைமுறைகளாகப் பெரிய மாற்றமின்றி ஓடுகிறது. மாற்றாததுதான் அதன் பலம். அப்பா கற்ற மெக்கானிக் வேலை மகனுக்கும் செல்லுபடியாகிறது. ஆப்பிரிக்காவில் பயணிகளை ஏற்றிச் செல்லும் பைக் டாக்சிகளில் பஜாஜ் பாக்ஸர் பிடித்த இடமும் இதே கதைதான். அந்த ஓட்டுநருக்கு வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போய்விட்டது. அவர் எந்தச் சின்னத்தையும் நேசிக்கவில்லை, பட்டறையில் காத்திருக்கும் நேரத்தை வெறுக்கிறார்.

கைப்பழக்கம் என்று இன்னொன்று. அதை யாரும் கருத்துக்கணிப்பில் சொல்வதில்லை. சில வண்டிகளில் எல்லா கியரும் முன்னால் மிதித்தால் விழும்; சிலவற்றில் ஒன்று கீழே, மற்றவை மேலே. இருபது வயதில் கால் ஒன்றைப் பழகிவிட்டால், மற்றதில் ஏறி ஓட்டிப் பார்க்கும் ஐந்து நிமிடமும் அந்நியமாகவே இருக்கும். ‘என்னமோ பிடிக்கவில்லை’ என்று இறங்கிவிடுவார்கள். பிடிக்காதது காலுக்கு.

மேலே சொன்னதெல்லாம் ஊகம் என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு இந்தியாவில் நடந்த ஒரு பிரிவினையைக் காட்டுவேன். ஓர் ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு சுத்தமாக வடிவமைக்க முடியாது. 1984-இல் ஹீரோவும் ஹோண்டாவும் சேர்ந்து ஹீரோ ஹோண்டா ஆயின. 1985-இல் சிடி100, 1994-இல் ஸ்பிளெண்டர். 2001-இல், தனி ஒரு கம்பெனியாக எடுத்துக்கொண்டால், உலகின் மிகப்பெரிய இருசக்கர வாகனத் தயாரிப்பாளர் என்ற இடம். இன்ஜின் ஹோண்டாவினுடையது என்பதுதான் மக்கள் சொன்ன காரணம். ‘ஜப்பான் இன்ஜின்’ என்பது அன்று ஒரு முத்திரை. 2010 டிசம்பரில் பிரிவு அறிவிக்கப்பட்டது. ஹோண்டா தன் 26 சதவீதப் பங்கை விட்டுக்கொடுத்து வெளியேறியது. 2011-இல் பெயர் ஹீரோ மோட்டோகார்ப் ஆனது.

இப்போது கேளுங்கள்: வாடிக்கையாளரின் பிடிப்பு யாரோடு போனது? இன்ஜினை உருவாக்கிய ஹோண்டா அதே சந்தையில் தன் சொந்தக் கம்பெனியோடு இருந்தது. 2012-இல் ஸ்பிளெண்டரின் வாடிக்கையாளரைக் குறிவைத்து டிரீம் யுகா என்ற வண்டியையும் இறக்கியது. ஸ்பிளெண்டர் அசையவில்லை. மோட்டார்சைக்கிள் பிரிவில் ஹீரோதான் முதலிடத்தில் நீடித்தது. ஆக, ‘ஹோண்டா இன்ஜின்’ என்று இருபத்தைந்து ஆண்டுகள் சொன்ன வாய், கையெழுத்துப் போடும்போது ஸ்பிளெண்டர் என்ற பெயரையும், அருகிலிருந்த டீலரையும், பழகிய மெக்கானிக்கையும் பின்தொடர்ந்தது. ஹோண்டாவின் உண்மையான வெற்றி ஸ்கூட்டரிலும் 125 சிசி வண்டியிலும் வந்தது. அதாவது பழைய பிடிப்பு அவ்வளவாக இறுகாத இடங்களில்.

இதற்கு முன்பே 2001-இல் டிவிஎஸ்ஸும் சுஸுகியும் பிரிந்திருந்தன. டிவிஎஸ் சொந்தமாக உருவாக்கிய விக்டர் வண்டியோடு நிலைத்தது. சுஸுகி 2006-இல் ஹீட், ஜீயஸ் என்ற இரண்டு 125 சிசி வண்டிகளோடு தனியாகத் திரும்பி வந்தபோது அவற்றை அதிகம் பேர் சீண்டவில்லை. இரண்டு பிரிவினை, ஒரே விடை.

இந்தப் பிடிப்பை விலை உடைக்குமா? உடைக்கும். ஆனால் சிறிது காலத்துக்கு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வியட்நாமில் சீன உதிரி பாகங்களைச் சேர்த்து மாட்டிய வண்டிகள் வெள்ளம்போல் வந்தன. ஹோண்டா என்ற சொல்லே மோட்டார்சைக்கிளைக் குறிக்கும் நாடு அது. அங்கே ஹோண்டாவின் பங்கு மளமளவென்று சரிந்தது. ஹோண்டா வாடிக்கையாளரின் நன்றியுணர்வை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. 2002-இல் வேவ் ஆல்ஃபா என்ற மலிவு வண்டியை, சீனப் பாகங்களையும் பயன்படுத்தியே, இறக்கியது. அதற்குள் மலிவு வண்டிகளின் தரமும் சாயம் வெளுத்திருந்தது. வாடிக்கையாளர்கள் திரும்பினார்கள். பெயர் அவர்களைப் பிடித்து நிறுத்தவில்லை. திரும்பி வரும் பாதையை மட்டும் திறந்து வைத்திருந்தது. ஒரு நல்ல பெயரிடம் எதிர்பார்க்கக்கூடிய வேலை அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

இதுவரை சொன்னது பிழைப்புக்கு ஓட்டும் வண்டி. ஆசைக்கு ஓட்டும் வண்டியின் கணக்கு வேறு. அங்கே பழுதுகூடப் பிடிப்பை வளர்க்கும். மேலே சொன்ன அதே 2015 ஆய்வில், நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குள் பழுதாகும் வாய்ப்பு யமஹாவுக்கு 11 சதவீதம், ஹோண்டாவுக்கு 12, ஹார்லிக்கு 26, டுகாட்டிக்கு 33, பிஎம்டபிள்யூவுக்கு 40. ஹார்லி ஹோண்டாவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பழுதாகிறது. ஆனாலும் மீண்டும் வாங்குவோம் என்பவர்கள் ஹோண்டாவைவிட இரண்டு சதவீதம் அதிகம். வண்டியைத் தானே பிரித்துத் துடைத்து மாட்டுபவருக்கு அது தன் வேலையின் பகுதியாகிவிடுகிறது. தன் வேலையைத் தானே குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஹார்லியின் பிடிப்பு வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1969 முதல் அது ஏஎம்எஃப் என்ற குழுமத்தின் கையில் இருந்தது. அந்தக் காலத்து வண்டிகளின் தரம் மோசம் என்று அதன் சொந்த ரசிகர்களே கேலி செய்தார்கள். 1981-இல் உயர் அதிகாரிகள் 13 பேர் சேர்ந்து கம்பெனியை விலைக்கு வாங்கினார்கள். 1983-இல் 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்கு அமெரிக்க அரசு பெரும் வரி விதித்தது. அதே ஆண்டு ஹார்லி ஓனர்ஸ் குரூப் என்ற உரிமையாளர் சங்கம் தொடங்கப்பட்டது. 1984-இல் எவல்யூஷன் இன்ஜின் வந்து எண்ணெய்க் கசிவு அடங்கியது. மேலாண்மை வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது ஓனர்ஸ் குரூப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். ஆயில் ஒழுகும் வண்டிக்குச் சங்கம் வைத்தால் அது குறைதீர்ப்புச் சங்கமாகத்தான் ஆகியிருக்கும்.

பிறகு அந்தப் பிடிப்பே கூண்டானது. 2001-இல் போர்ஷேவின் உதவியோடு நீரால் குளிரும் இன்ஜின் வைத்து வி-ராட் என்ற வண்டியைச் செய்தார்கள். நல்ல இன்ஜின். பழைய ரசிகர்களில் பலர் ‘இது ஹார்லி இல்லை’ என்றார்கள். 2017-இல் அது நின்றது. பிஸ்டன்களைச் சுழல் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு இரண்டையும் ஒரே கிராங்க் பின்னில் கோத்து, 45 பாகை வி வடிவத்தில் இரண்டு சிலிண்டர் வைத்ததால் வரும் அந்த நொண்டித் தாளம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்தத் தாளத்தைச் சட்டப்படி தன் வணிகக் குறியாகப் பதிவு செய்யக்கூட கம்பெனி 1994-இல் விண்ணப்பித்து, 2000-இல் கைவிட்டது. ரசிகர்களுக்கு வயதானது. அவர்கள் விலகவில்லை, வாங்குவதை நிறுத்தினார்கள். ஒருவருக்கு எத்தனை வண்டி தேவை? 2006-இல் 3.49 லட்சம் வண்டிகளை அனுப்பிய கம்பெனி இன்று எங்கே நிற்கிறது என்று தொடக்கத்திலேயே பார்த்தோம்.

இதே இக்கட்டில் ராயல் என்ஃபீல்டு எடுத்த முடிவு எனக்கு எப்போதும் வியப்பு. இங்கிலாந்தில் பிறந்து, 1955 முதல் சென்னையில் உருவாகி, தாய் வீடு மூடிய பிறகும் பிழைத்திருந்த கம்பெனி அது. 2000-ஐ ஒட்டி மாதம் இரண்டாயிரம் வண்டிகள் விற்றுக்கொண்டு, மூடலாமா விற்கலாமா என்ற நிலையில் கிடந்தது. அப்போதும் அதற்கு உயிரைக் கொடுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 2009-இல் வார்ப்பிரும்பு இன்ஜினை ஓய்வுபெற வைத்து, கியர்பெட்டியும் இன்ஜினும் ஒன்றான புதிய அமைப்பைக் கிளாசிக் வண்டியில் பொருத்தினார்கள். ஒழுகல் நின்றது, பொத்தானை அழுத்தினால் கிளம்பியது, வலப்பக்கக் கியரும் விடைபெற்றது. பழைய ரசிகர்கள் ‘அந்தப் பழைய சத்தம் போய்விட்டது’ என்று புலம்பினார்கள். உண்மையிலேயே போய்விட்டதுதான், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் தோற்றத்தையும், நீண்ட ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் நடையையும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். அதுவரை தூரத்திலிருந்து ஆசையாகப் பார்த்துவிட்டு, பராமரிக்கப் பயந்து வேறு வண்டி வாங்கிய ஆயிரக்கணக்கானோர் உள்ளே வந்தார்கள். 2009-இல் ஐம்பதாயிரத்துச் சொச்சம். 2018-19 நிதியாண்டில் 8 லட்சத்துக்கு மேல். 2024-25-இல் 10 லட்சத்தைத் தாண்டியது. வளர்த்தவர்கள் பழைய ரசிகர்கள் இல்லை. பழைய ரசிகர்கள் செய்தது வேறு வேலை: அந்த ஆசையை முப்பது ஆண்டுகள் அணையாமல் காத்து, புதியவர்கள் கண்ணில் படும்படி சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கம்பெனி கடன்பட்டிருக்கிறது. வண்டியின் வடிவமைப்பை அவர்களிடம் ஒப்படைக்கும் அளவுக்கு அல்ல.

பழைய பெயரை மட்டும் தூசி தட்டி எடுத்தால் போதுமா? 2018-இல் ஜாவா இந்தியாவில் மீண்டும் வந்தபோது முன்பதிவு குவிந்தது. வண்டி கைக்கு வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சூடு நீடிக்கவில்லை. நினைவு ஒரு முறை ஷோரூம் வரை கூட்டிவரும். இரண்டாம் முறை கூட்டிவருவது சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆள்.

அந்த ஆளைப் பற்றி விளம்பரத் துறையில் யாரும் பேசுவதில்லை. என் அனுபவத்தில், கம்பெனியை மாற்றியவர்களிடம் காரணம் கேட்டால் இன்ஜின், மைலேஜ் என்று தொடங்குவார்கள். தேநீர் ஆறுவதற்குள் உண்மை வரும்: ‘மூன்று தடவை அலைய விட்டான்.’ ஒரு சிறிய ரப்பர் சீலுக்காக ஒரு மாதம் வண்டி நின்ற ஒருவர், பதினைந்து ஆண்டு ஓட்டிய பெயரை அன்றோடு விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் ஒரு கம்பெனியிடம் உண்மையாகவே பிடிப்போடு இருக்கிறீர்களா, பழக்கத்தால் இருக்கிறீர்களா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. வேறு நாட்டுக்குக் குடிபெயர்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மெக்கானிக் அங்கே இல்லை, பழைய வண்டி விலை வேறு, கடைகள் வேறு. அங்கேயும் அதே பெயரைத் தேடிப் போவீர்களா? ஸ்பிளெண்டர் ஓட்டியவர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள் ஓட்டும் வண்டியைத்தான் வாங்குவார். டுகாட்டி ஓட்டியவர் டுகாட்டியைத் தேடுவார், கிடைக்காவிட்டால் முகம் சுண்டும்.

மின்சார வண்டிகள் வந்த பிறகு இந்தக் கட்டுகளில் பல அவிழ்கின்றன. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, சத்தம் இல்லை. கால் பழகியதும் காது பழகியதும் செல்லாக்காசு. ஹார்லி 2019-இல் லைவ்வயர் என்ற மின்சார வண்டியை இறக்கி, பிறகு அதைத் தனி பிராண்டாகவே பிரித்தது; ஆண்டுக்குச் சில நூறு வண்டிகளே விற்கின்றன. பெயர் மட்டும் வந்து தாளம் வராவிட்டால் ரசிகர்கள் என்ன செய்வார்கள் என்று அது காட்டிவிட்டது. மறுபுறம் தைவானில் கோகோரோ நிறுவனம் 2015 முதல் சாலையோரம் பேட்டரி மாற்றும் நிலையங்களை நிறுவி வருகிறது. தீர்ந்த பேட்டரியைச் செருகிவிட்டு நிறைந்ததை எடுத்துக்கொண்டு போய்விடலாம், மாதச் சந்தா கட்ட வேண்டும். அந்த வண்டிக்காரர் வேறு கம்பெனிக்கு மாற நினைத்தால் அவர் இழப்பது வண்டியை அல்ல, தெருமுனைதோறும் காத்திருக்கும் அந்தப் பேட்டரிப் பெட்டியை. பழைய மெக்கானிக்கின் இடத்தில் இப்போது அது நிற்கிறது.